லேகாக்: மக்கள் வாழும் பழஞ்சிற்றூர்

இங்கிலாந்தின் வில்ட்ஷர் வட்டாரத்தில், பாத் நகருக்குச் சற்றுத் தொலைவில் லேகாக் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. நான்கு முக்கியத் தெருக்களே உள்ள இவ்வூரை நடந்தே சுற்றிப் பார்த்துவிடலாம். தெருக்களின் இருபுறமும் கல் வீடுகளும் மரச்சட்டங்கள் பொருத்திய வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. தலைக்கு மேலே மின்கம்பிகள் தொங்குவதில்லை. அதனால், பழங்காலக் கதைகளைப் படமாக்குவோர் இவ்வூரைத் தேடி வருகின்றனர். 1995இல் ஒளிபரப்பான 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரின் சில காட்சிகள் இங்குதான் படமாக்கப்பட்டன.

13ஆம் நூற்றாண்டில் எலா என்னும் சீமாட்டி இவ்வூரில் பெண் துறவியருக்காக ஒரு மடத்தை நிறுவினார். பிற்காலத்தில் கம்பளி வணிகத்தால் ஊர் செழித்தது. 1539இல், எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில், மடம் மூடப்பட்டது. பின்னர் அது தனியார் மாளிகையாக மாறியது. காலப்போக்கில் கம்பளி வணிகம் நலிவடைந்தது. பெரிய தொழிற்சாலைகளும் இங்கு எழவில்லை. ஆகவே, பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதியவற்றைக் கட்டும் தேவை ஏற்படவில்லை. வளர்ச்சி குன்றியதே ஊரின் பழமையைக் காத்தது எனலாம்.

நிழற்பட வரலாற்றிலும் லேகாக்கிற்குத் தனி இடம் உண்டு. மாளிகையின் உரிமையாளரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1835இல் அதன் சன்னல் ஒன்றைப் படம்பிடித்தார். அஞ்சல்தலை அளவே உள்ள அந்தப் படம், இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிழற்பட நெகட்டிவ் ஆகும்.

அவருடைய பேத்தி மட்டில்டா டால்பட், 1944இல் மாளிகையையும் ஊரின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்திடம் ஒப்படைத்தார். அந்நிறுவனம் வீடுகளைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. ஊரில் தொடக்கப்பள்ளியும் தேவாலயமும் இன்றும் இயங்குகின்றன.

வசதியான பயணத்தை விரும்புவோர், 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சைன் ஆஃப் தி ஏஞ்சல்' விடுதியில் தங்கலாம். மாளிகையையும், அதன் அருகிலுள்ள நிழற்பட அருங்காட்சியகத்தையும் பொறுமையாகப் பார்வையிடலாம். வாகனத்தில் வருவோர், ஊருக்கு வெளியே உள்ள நிறுத்துமிடத்தில் அதை நிறுத்திவிட்டு நடந்து வருவதே நல்லது. தெருக்கள் குறுகலானவை; அவை குதிரை வண்டிகளின் காலத்தில் உருவானவை.

எவ்வளவு பணம் செலவழித்து வந்தாலும், இங்கு வருவோர் ஒன்றை மறக்கக்கூடாது. அழகிய சன்னல் ஒன்றின் முன்னால் நின்று படம் எடுக்கும்போது, அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் உணவருந்திக்கொண்டிருக்கலாம். ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கலாம். சுற்றுப்பயணிகள் தரும் வருமானம் பழைய கட்டடங்களைப் பராமரிக்க உதவுகிறது. ஆனால், 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' அல்லவா? கூட்டமும் இரைச்சலும் பெருகி, குடியிருப்போர் ஊரைவிட்டு வெளியேறினால், எஞ்சுவது வெறும் படப்பிடிப்புத் தளமே.

கட்டடங்களைக் கல்லும் மரமும் தாங்கலாம். ஓர் ஊரைத் தாங்குபவர்கள் அங்கு வாழும் மக்களே. பிறர் வீட்டிற்குச் செல்லும் விருந்தினரைப்போல் நடந்துகொள்ளும் பயணியே அவ்வூரின் பழமையைக் காக்கத் துணைநிற்கிறார்.