கையொப்பமிட்ட வாசகர்கள்

நுழையும்முன்

ஒரு நூலை விரும்பிப் படிப்பது வேறு. அந்நூலை எழுதியவர் மீண்டும் எழுதத் துணைநிற்பது வேறு. முன்னது நம் மகிழ்ச்சி. பின்னது செயல். தமிழ்நூல்களின் வரலாற்றில் அச்செயல் எவ்வெவ்வாறு நிகழ்ந்தது, எங்கே நிகழாமற்போனது என்பதை இப்பாடம் பேசுகிறது.

செஞ்சிக்கோட்டையைக் காண வருவோர் இராசகிரியின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தேசிங்குராசனைப் பற்றிக் கேட்பர். 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட இளைஞன் அவன். அவனது ஆட்சி மிகக் குறுகியது. ஆயினும் அவனும் அவன் தோழன் மோவுத்துக்கானும் மக்கள் நினைவில் நிலைத்தமைக்குக் கதைப்பாடலே காரணம். ஊர்ஊராகப் பாடப்பட்ட அக்கதை, பின்னர்ப் ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்பனையாயிற்று.

இவ்வட்டாரத்தில் தெருக்கூத்து நிகழும் இரவுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் மனம் நெகிழ்ந்தவர் எழுந்துசென்று பணம் கொடுப்பார். கொடுத்தவரின் பெயரும் தொகையும் அவையில் அறிவிக்கப்படும். கலைஞருக்கு அது கூலி மட்டுமன்று, மதிப்பும் ஆகும். ஆனால் தேசிங்குராசன் கதையை முதன்முதலில் கட்டிய புலவர் யார்? அவர் பெயரே நமக்குத் தெரியாது. பாடியவருக்குக் கிடைத்தது, அச்சிட்டவருக்குக் கிடைத்தது, இயற்றியவருக்கு ஒன்றும் வந்துசேரவில்லை. நூலை நேசிப்பவரின் அன்பு நூலாசிரியரைச் சென்றடைய ஒரு வழி வேண்டும்; அன்பு எவ்வளவு பெரிதாயினும், வழியில்லையேல் அது இடையிலேயே நின்றுவிடுகிறது.

அச்சுக்கலை பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தகைய வழியொன்று பிறந்தது. அதற்குக் ‘கையொப்பம்’ என்று பெயர். நூல் அச்சாகும் முன்பே, ‘இத்தனை படிகள் வாங்கிக்கொள்வேன்’ என்று வாசகர் கையெழுத்திட்டுத் தருவார். சிலர் பணத்தையும் முன்னதாகவே கொடுத்துவிடுவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது இவ்வாறே கையொப்பம் பெற்றார். விடுமுறை நாள்களில் சென்னைக்குச் சென்று அச்சுப்பணியைக் கவனித்தார். 1887இல் நூல் வெளிவந்தது. பெரும் வள்ளல்கள் உதவியதைப் பலரும் பேசுவர். எனினும் ஒரு படிக்கு, இரண்டு படிகளுக்கு எனக் கையெழுத்திட்ட எளிய வாசகர்களின் துணிவே வியப்புக்குரியது. நூல் எப்படி வரும், எப்போது வரும் என்று அறியாமலே ஒருவரை நம்பிப் பணம் கொடுப்பது சிறிய செயலன்று. சிந்தாமணிக்குப் பின்னர்ப் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) என அடுத்தடுத்து நூல்கள் வர முடிந்ததில் அந்நம்பிக்கைக்கும் பங்குண்டு.

பாரதியாரின் வரலாறு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாடல்கள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அரசியலில் ஐயர் மிதவாதி; பாரதியாரோ தீவிரவாதப் பிரிவைச் சார்ந்தவர். கருத்து மாறுபட்டவரின் கவிதையைத் தம் செலவில் பரப்பிய அவ்வாசகரை நாம் மறத்தல் ஆகாது. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1920இல், பாரதியார் தாமே வாசகரை நோக்கிக் கை நீட்டினார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, நூலொன்றுக்கு 10,000 படிகள் வீதம் வெளியிடத் திட்டமிட்டார். அதற்கு முதலாக நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைக் காட்டிலும் விரைவாகத் தம் நூல்கள் விற்கும் என்பது அவர் நம்பிக்கை. வேண்டிய பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். அவர் பாடல்களைப் பாடிய நாவுகள் பல. அச்சுக்கூலி கொடுக்க நீண்ட கைகள் மிகச் சில.

வாசகரும் எழுத்தாளரும் இதனை உணர்ந்து செயற்பட்டது பிற்காலத்தில்தான். பாரதியாரின் பாடல்களுக்கான உரிமை தனியாரிடம் இருந்த நிலையை எதிர்த்து, வ.ரா. முதலியோர் ‘பாரதி விடுதலைக் கழகம்’ அமைத்துக் குரல் கொடுத்தனர். அக்குரலுக்குச் செவிசாய்த்தவர் அன்றைய சென்னை மாகாண முதலமைச்சர் ஓமந்தூர் இராமசாமி. செஞ்சிக்குக் கிழக்கே உள்ள திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1949 மார்ச்சில், பாரதியாரின் படைப்புகளை அரசு பெற்றுப் பொதுவாக்கும் என அறிவிக்கப்பட்டது. அவரது ஆட்சிக்காலத்தில்தான் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமும் நிறைவேறியது. சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்துப் பெற்று, அதனால் நூல்கள் வாங்க அச்சட்டம் வழிசெய்தது. சொந்தமாக நூல் வாங்க இயலாதவரும் தம் ஊர் நூலகத்தின் வழியே எழுத்தாளருக்குத் துணையாகலாம் என்னும் நிலை இதனால் உருவாயிற்று. நூலகத்தில் ஒரு நூல் இல்லையெனில், அதனை வாங்குமாறு எழுதிக் கேட்பதும் இக்காலக் கையொப்பமே.

இன்று தமிழ்நூல்கள் பல சில நூறு படிகளே அச்சாகின்றன. விற்பனையில் ஒரு சிறு பங்கே உரிமைத்தொகையாக எழுத்தாளரைச் சேர்கிறது. ஆசிரியர் வாழும் காலமும் அதன்பின் அறுபது ஆண்டுகளும் நூலுரிமை நீடிக்கும் என்கிறது சட்டம். ஆயினும் புதிய நாவலொன்று வெளிவந்த சில நாள்களிலேயே அதன் மின்படி கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. அனுப்புவோரிற் பெரும்பாலோர் அவ்வெழுத்தாளரை வெறுப்பவர் அல்லர், மிக விரும்புபவரே. தேசிங்குராசன் கதையைக் கட்டியவர்க்கு நேர்ந்தது, பெயர் நன்கு தெரிந்த எழுத்தாளர்க்கும் இவ்வாறு நேர்கிறது. பணம் செலவிட இயலாத மாணவருக்கும் செய்யத்தக்கவை உண்டு. படித்த நூலைப் பற்றி வகுப்பில் பேசலாம். ஆசிரியருக்கு அஞ்சலட்டை எழுதலாம். பாராட்டு மட்டுமன்றி, உடன்படாத இடத்தையும் காரணத்தோடு எழுதலாம். தம் நூல் ஊன்றிப் படிக்கப்பட்டது என்பதற்கு எழுத்தாளர் பெறும் சான்று அதுவே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நூலகத்தில் இல்லாத தமிழ்நூல் ஒன்றைத் தேர்ந்து, அதனை வாங்கவேண்டிய காரணங்களைக் குறிப்பிட்டு நூலகருக்கு விண்ணப்பம் எழுதுக. உங்கள் பகுதியில் வழங்கும் கதைப்பாடல் ஒன்றைக் கேட்டு, பாடியவர் பெயரையும், தெரியுமாயின் இயற்றியவர் பெயரையும் எழுதி வருக.