கிணற்று நீரும் வெள்ளிநைத்திரேற்றும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமீது அமைந்தது. ஆங்குள்ள கிணறுகளுட் சில நன்னீர் தருவன. சில உவர்நீர் தருவன. நாவறியும் இவ்வுவர்ப்பை ஆய்கூடத்தில் அறியுமாறு எங்ஙனம்?

சோதனைக் குழாயிற் சிறிது கிணற்று நீரை எடுத்து, வெள்ளிநைத்திரேற்றுக் கரைசலிற் சில துளிகளை இடுக. வெண்ணிற வீழ்படிவு தோன்றியதும், "குளோரைட்டு உண்டு" என மாணாக்கர் விரைந்து எழுதுவர். அது தவறாகலாம். சுண்ணக்கல்லூடு வந்த நீரில் இருகாபனேற்றும் உண்டு. காபனேற்றும் வெள்ளி அயனோடு வெளிறிய வீழ்படிவு தரும். ஆதலின் முதற்கண் ஐதான நைத்திரிக்கமிலம் சேர்த்தல் வேண்டும். காபனேற்றுக்கள் காபனீரொட்சைட்டாக மாறி நீங்கும். ஐதரோக்குளோரிக்கமிலம் சேர்த்தலாகாது; தேடும் பொருளை நாமே இட்டவராவோம். அமிலத்தின் பின்னும் தோன்றும் வெண்வீழ்படிவு ஐதான அமோனியாவிற் கரையுமாயின், அது வெள்ளிக்குளோரைட்டே. காய்ச்சி வடித்த நீரிலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிடுக. அங்கும் கலங்கல் தோன்றின் குழாயோ அமிலமோ தூயதன்று.

இன்னுமொன்று. உவரில்லா நீரெல்லாம் குடிநீரென்று கொள்ளற்க. உரங்களாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்கவைப்பினும் நீங்காது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மிஞ்சின் பாற்பொடி கரைத்தூட்டப்படும் பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றலாம். வெள்ளிநைத்திரேற்று இதனைக் காட்டாது; வேறு சோதனை வேண்டும்.

சோதனை, நாம் வினாவியதற்கே விடை கூறும். வினாவாததற்கு அதன் மௌனத்தைச் சான்றாகக் கொள்ளாமையே அறிவியற் பயிற்சியின் பயன்.