என்னை யாருன்னு தெரியுதா?

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். எழுதிவிட்டால் மதினியும் படிக்கலாம், வீட்டுக்கு வருகிறவர்கள் கையிலும் கொடுக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உங்களுக்கு இப்போது சீசன். சாரல் விழுந்த மறுநாளே மதுரை, கோவில்பட்டிச் சொந்தமெல்லாம் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடும். அருவியில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயுமுன்னே, "அப்படியே தென்காசியில அண்ணாச்சிய ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்" என்று உங்கள் நடையேறும். வருகிற ஒவ்வொருவரும் உன் அப்பா, என் அண்ணன் முகத்துக்கு நேரே குனிந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்றாய். "என்னை யாருன்னு தெரியுதா?"

முதலில் அந்தக் கேள்வியை நிறுத்து. மற்ற வைத்தியமெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆஸ்பத்திரியில் நீங்களும் அதைத்தானே கேட்பீர்கள் என்பாய். ஆமாம். நான் நரம்பியல் வார்டில் வேலை பார்த்த காலத்தில் என் வாய் ஓயாமல் சொன்னதெல்லாம் "ஐயா, கண்ணைத் திறங்க", "இப்போ எங்க இருக்கீங்க?", "இது என்ன மாசம்?", "என் விரலை இறுக்கிப் பிடிங்க" என்பதுதான். 1974-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் வகுத்துக் கொடுத்த கணக்கு அது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆகமொத்தம் 15. ஒன்றுமே இல்லாமல் கிடப்பவருக்கும் 3 உண்டு. டார்ச் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்த்து சார்ட்டில் எழுதுவோம். ராத்திரி 14-ல் இருந்தவர் விடியக்காலம் 12-க்கு இறங்கினால் டூட்டி டாக்டரை எழுப்புவோம். எங்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது. உன் சித்தப்பா கேட்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? பதில் சரியாக வந்தால் அவருக்கு ஒரு திருப்தி. தப்பாக வந்தால் வாசலில் நின்று உச்சுக்கொட்டுவார். இடையில் பத்துப் பேர் முன்னால் தலை குனிவது உன் அப்பா. தட்டை வீசினார் என்றாயே, நான் அதில் ஆச்சரியப்படவில்லை.

என்ன நடந்தது என்பதை நீ சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரெல்லாம் "மூளை ஆபரேஷன்" என்கிறார்கள். அண்ணன் மூளையில் கத்தி படவே இல்லை. மூளைக்கு மேலே கெட்டியான ஒரு சவ்வு உண்டு. சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் மூளையிலிருந்து அதற்குப் போகும். வயது ஏறும்போது மூளை கொஞ்சம் சுருங்குவதால் அந்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். அப்போது ஒரு சின்ன இடி போதும். கடை ஷட்டரில் முட்டிக்கொண்டு, தைலம் தேய்த்து மறந்துபோன அந்த இடிதான் இது. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டுவந்தவர், அதனால் கசிவு லேசில் நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, வாரக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. நடக்கும்போது வலது கால் செருப்பு மட்டும் கழன்று கழன்று விழுகிறது என்று மதினி சொன்னபோதே ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். இடது பக்கம் சேர்ந்திருந்தது. அதனால்தான் வலது கை, கால், பேச்சு மூன்றும் அடி வாங்கின.

மண்டையோட்டில் இரண்டு துளை போட்டு, பழைய எஞ்சின் ஆயில் மாதிரி கிடந்த ரத்தத்தைக் கழுவி எடுத்தார்கள். மீதி வடியட்டும் என்று ஒரு குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயைப் பார்த்துத்தான் நீ பயந்தாய். 2009-ல் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 100-க்கு 24 பேருக்கு ரத்தம் மறுபடி சேர்ந்து திரும்ப ஆபரேஷன் தேவைப்பட்டது. வைத்தவர்களில் 9 பேருக்குத்தான். அதற்காகத்தான் அது.

இதே மாதிரி மண்டைக்குள் ரத்தக்கசிவுக்காக 2024 மார்ச் 17-ஆம் தேதி ஈஷாவின் ஜக்கி வாசுதேவுக்கு டெல்லி அப்போலோவில் ஆபரேஷன் நடந்தது. அப்போது அவருக்கு 66 வயது. நாலு வாரம் கடுமையான தலைவலியோடு நிகழ்ச்சிகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர். 27-ஆம் தேதி டிஸ்சார்ஜ். "அவரு பத்து நாள்ல வீட்டுக்கு வந்துட்டாரு, அண்ணாச்சிக்கு மட்டும் என்ன?" என்று சித்தப்பா கேட்பது இதை வைத்துத்தான். எந்தப் பக்கம் அழுந்தியது, எத்தனை நாள் அழுந்தியது, சர்க்கரை உண்டா, இருதயம் எப்படி என்று ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். செய்தியில் வருவது டிஸ்சார்ஜ் தேதி மட்டும்தான். வீட்டுக்குப் போன பிறகு நடப்பதை யாரும் செய்தியாகப் போடுவதில்லை.

நம் ஊர்க் கதையும் அப்படித்தான். கடையம் போகிற வழியில் தோரணமலை இருக்கிறதே, அங்கேதான் அகத்தியர் ஒரு ராஜாவின் மண்டையைத் திறந்து உள்ளே இருந்த தேரையை எடுத்தாராம். சீடப்பிள்ளை ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் காட்டியதும் தேரை அதில் குதித்ததாம். அதிலிருந்து அந்தப் பிள்ளை தேரையர் ஆனார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேரை குதித்ததோடு கதை சொல்கிறவர் எழுந்து போய்விடுகிறார். அந்த ராஜா அரண்மனைக்குப் போனபின் ராணி பெயரைச் சரியாகச் சொன்னாரா, ராத்திரி தூங்கினாரா, யார் பார்த்துக்கொண்டது? ஒரு வரி கிடையாது. நிஜத்தில் நம் பக்கம் மண்டை ஆபரேஷனுக்கென்று தனிப்பிரிவு வந்தது 1949-ல், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியால். அடுத்த வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சீர்காழிக்காரரான டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அதற்கு முந்தின தலைமுறையில் அண்ணனுக்கு வந்தது வந்திருந்தால் "வாதம் அடிச்சிட்டு" என்று திண்ணையில் படுக்கவைத்திருப்பார்கள்.

இனி உன் அழுகைக்கு வருகிறேன். உன்னை என் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றாய். நீ யாரென்று அவருக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அந்த வீட்டில் அவர் தொண்டை கிழியக் கூப்பிட்ட பெண்பிள்ளை பேர் என்னுடையது. உன்னைப் பார்க்கிறார், நினைப்பதும் உன்னைத்தான், வாய்க்கு வந்து நிற்பது என் பேர். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. 1865-லேயே பாரிஸில் பிரோக்கா என்ற டாக்டர் இதைக் காட்டிவிட்டார். ஆனால் பாட்டு, எண்ணிக்கை, வசவு, சாமி பேர் எல்லாம் நாக்கில் பழகிப்போனவை. பேச்சு தடுமாறுகிறபோதும் பல பேருக்கு அவை வந்துவிடும். அதனால்தான் "தண்ணி" என்று கேட்க முடியாமல் கையைக் காட்டுகிறவர், ரேடியோவில் டி.எம்.எஸ். பாடினால் கூடவே சரணம்வரை போகிறார். நடிக்கிறார் என்று யாராவது சொன்னால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டு.

தப்பாகக் கூப்பிட்டால் திருத்திக்கொண்டு நிற்காதே. "சொல்லுங்கப்பா" என்று போய் நில். பேச்சோடு பேச்சாக உன் பேரை நீயே ஒரு தடவை சொல்லு. சொல் வராமல் திணறினால் பொறுத்திரு, நீ முடித்துவைக்காதே. "என்ன வேணும்?" என்பதைவிட "காப்பியா, டீயா?" என்று கேட்டால் அவருக்குச் சுலபம். வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடு: உள்ளே போனதும் அவரவர் பேரையும் ஊரையும் அவரவரே சொல்ல வேண்டும். "அண்ணாச்சி, நான் கோவில்பட்டி முருகன் மச்சான் வந்திருக்கேன்" என்றால் எதிரே இருப்பவருக்கு எவ்வளவு பாரம் குறைகிறது பார். ஒரு நேரத்தில் இரண்டு பேர், பத்து நிமிஷம், பொழுது சாய்ந்தபின் யாரும் வேண்டாம். சொந்தம் கோபித்துக்கொள்ளும். கோபித்துக்கொள்ளட்டும், பழி என்மேல் போடு. சாயங்காலம் ஆனால் அவருக்குக் குழப்பம் கூடும்; கண்ணாடியைப் போட்டுவிட்டு, லைட்டைச் சீக்கிரமே போடுங்கள். மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவதைப் பிரித்துக் கேட்பதே அவருக்கு இப்போது ஒரு நாள் உழைப்பு.

அதற்காக அவரைப் பொம்மை மாதிரி உட்காரவைக்கவும் கூடாது. ஸ்பாஞ்சு பந்தைக் கசக்கச் சொன்னால் தூக்கி எறிகிறார் என்றாய். நாற்பது வருஷம் பலசரக்குக் கடையில் நின்றவருக்குப் பந்து எதற்கு? பழைய தினத்தந்தியைக் கிழித்து, ஒரு கிண்ணத்தில் கடுகும் நூல்கண்டும் வைத்துக் கொடு, பொட்டலம் மடிக்கட்டும். போன தடவை வந்தபோது நான் கொடுத்துப் பார்த்தேன். காகிதத்தை இடது கை சட்டென்று கூம்பாக்கியது. கடுகு போட்டு, வாயை மடித்து, நூலைச் சுற்றவும் செய்தார். முடிச்சுப் போடுகிற இடத்தில் வலது பெருவிரல் நழுவியது, கடுகு சிதறியது. மதினி பொறுக்கப் போனார்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரே நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினார். கடையில் கூட்டம் ஏறுகிற நேரம் அப்படித்தானே செய்வார்? அந்தப் பொட்டலத்தை மதினி பிரித்துத் தாளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். சில்லறை எண்ணவும் கொடு. தப்பினால் தப்பட்டும், கடை நஷ்டமாகாது.

இப்போது அருவி விஷயம். "மூலிகைத் தண்ணி, தலையில விழுந்தா எல்லாம் சரியாயிரும்" என்று அவரைக் காரில் ஏற்றப் பார்த்தார்களாமே. கூடாது. பேரருவித் தண்ணீர் பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்து, பாதி வேகம் செத்துத்தான் கீழே வருகிறது. அந்த மீதி வேகமே திடகாத்திரமான ஆளின் முதுகில் அறைகிறதே! அண்ணன் தலையில் துளை போட்ட இடத்தில் தோலுக்கு அடியில் எலும்பு மூடவில்லை. கல் வழுக்கும், கூட்டம் தள்ளும், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பிடிக்க ஆளிருக்காது. சிற்றருவி, புலியருவி என்று சின்னதாகப் பேரம் பேசுவார்கள். அதுவும் வேண்டாம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கை அந்தத் தலையில் படவே கூடாது. டாக்டர் சரி என்று சொல்லும் நாள்வரை வீட்டில் நாற்காலி போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்புக்குக் குளியல். பாத்ரூமில் கம்பி பதித்தாயிற்றா? சாரல் காற்று படவேண்டும் என்று அவருக்கு ஆசையிருந்தால், கூட்டமில்லாத காலையில் ஐந்தருவி ரோட்டில் காரிலேயே உட்காரவைத்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

வலிப்பு மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. "ஒரு தடவையும் வரலியே, எதுக்கு?" என்று சட்டென்று நிறுத்தினால்தான் வரும் ஆபத்து அதிகம். இருதயத்துக்கான அந்த ரத்த மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், மெடிக்கல் ஷாப் தம்பி அல்ல. வலிப்பு வந்தால் கையில் சாவியும் அரிவாளும் திணிப்பார்கள், கிட்டே விடாதே. ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் வைக்காதே, மணியைப் பார். 5 நிமிஷம் தாண்டினால் 108-க்கு அடி. தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தி வந்தாலும், எழுப்ப எழுப்பத் தூங்கினாலும், செருப்பு மறுபடி கழன்றாலும், காய்ச்சலோ தையலில் நீரோ கண்டாலும் நாள் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதையெல்லாம் கவனிக்க அவரைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ராத்திரி படுக்குமுன் நாலு வரி எழுது. எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை பொட்டலம், எதற்குக் கோபம், புதுசாக என்ன சொல் வந்தது. நேற்று மாதிரியே இருக்கிறார் என்றுதான் தினமும் தோன்றும். மூன்று வாரத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் நகர்ந்தது தெரியும். சில வாரம் நகராது. அதையும் எழுது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பேரைப் பதிந்துவிடு. மதினி ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை என்று குரலிலேயே தெரிகிறது. சனி, ஞாயிறு ராத்திரி சித்தப்பா காவல் இருக்கட்டும், கேள்வி கேட்பதைவிட அது உபயோகம். உன்னைப் பற்றி ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத் தோழிகள் வீட்டுக்கு வந்தபோது அப்பாவை உள்ளே இருக்கச் சொன்னேன் என்று மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாய். அது குற்றமில்லை. பதினொன்றாம் வகுப்பில் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அடுத்த செக்கப்புக்குச் செங்கோட்டை பாசஞ்சரில் வந்துவிடுங்கள், பஸ் குலுக்கல் வேண்டாம். பாளையங்கோட்டையில் என் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் போகலாம். பழைய ஸ்கேன் பிலிம், புது பிலிம், மாத்திரை அட்டைகள், அந்த நோட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பிலிமை மடக்காதே. டாக்டரிடம் கேட்க வேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுத ஆரம்பி, அங்கே போய் நின்றால் பாதி மறந்துபோகும்.

அன்புடன்,
அத்தை