மிகைமெய்ம்மையும் மனமும்

கண் ஒரு பொருளைக் காண்பதும் மனம் அதனைக் கவனிப்பதும் ஒன்றே என்று நாம் பொதுவாக எண்ணிவிடுகிறோம். பக்கம் பக்கமாகப் புரட்டிய பின்னர், வாசித்தது இன்னதென்று அறியாது விழிக்கும் மாணாக்கர், இவ்வெண்ணம் பிழையென்பதற்குத் தாமே சாட்சியாவர். 'மிகைமெய்ம்மை' என வழங்கும் கருவிகள் இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குவதால், அவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நம் எதிரேயுள்ள மெய்யுலகின்மேல், கணிப்பொறி தீட்டும் உருவங்களையும் எழுத்துக்களையும் பொருத்திக் காட்டுவதே மிகைமெய்ம்மையாம். 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்டு என்பார் அமைத்த தலைக்கருவி இவற்றின் முன்னோடி. அது கூரையினின்று தொங்கிய இயந்திரக் கையோடு பிணைக்கப்பட்டிருந்ததாம். அணிந்தவர் நெடுந்தூரம் நடந்திருக்க முடியாது! 2016-இல் வெளிவந்த 'போக்கிமான் கோ' என்னும் விளையாட்டோ, இவ்வித்தையைக் கைப்பேசி வழியாகத் தெருவெங்கும் கொண்டுவந்துவிட்டது.

ஆகாய விமானிகள் இதன் உறவான ஓர் ஏற்பாட்டை நெடுநாளாக அறிவர். வேகம், உயரம் முதலிய அளவுகள் விமானியின் கண்ணெதிரேயுள்ள கண்ணாடித் தகட்டில் ஒளியெழுத்துக்களாகத் தோன்றும். அவை வெகுதொலைவில் இருப்பனபோல் அமைக்கப்படுவதால், குனிந்து பார்க்கவும் வேண்டுவதில்லை. கண்ணின் குவிவை மாற்றவும் வேண்டுவதில்லை. இனி விமானி அனைத்தையும் ஒருங்கே காண்பார் என்றுதானே நாம் எண்ணுவோம்? 1980-இல் அமெரிக்க நாசா நிறுவனம் வெளியிட்ட ஆராய்ச்சி வேறுவிதமாகக் கூறிற்று. தரையிலேயே அமைத்த பாவனை விமானத்தில் தேர்ந்த விமானிகளை அமர்த்தி, அவர்கள் இறங்கும் தறுவாயில் ஓடுபாதையில் வேறொரு விமானம் குறுக்கே நிற்பதாகக் காட்டினர். கண்ணாடியெழுத்தை நோக்கியிருந்தோருள் சிலர் அதனைக் கவனியாமலே இறங்கிச் சென்றனர். விமானம் அவர்கள் பார்வைக்கு நேரேதான் நின்றது. மனமோ எழுத்துக்களில் தங்கிவிட்டது. இப்பொழுது மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடியிலும் வழிகாட்டும் அம்புக்குறிகள் வந்துவிட்டமையால், இச்செய்தி விமானிகளுக்கு மட்டும் உரியதன்று.

மூளையும் இதற்கு ஈடாகவே நடந்துகொள்கிறது. தலைமேல் மின்வாய்களை வைத்து அளப்போர், நாம் எதிர்பார்த்திருக்கும் ஒரு குறிப்பைக் கவனித்த ஏறக்குறைய 300 மில்லிசெகண்டில் ஒரு மின்னலை எழுவதைக் காண்கின்றனர். மனம் வேறொரு கடின வேலையில் ஈடுபட்டிருப்பின் அவ்வலை தாழ்ந்துவிடுகிறது. கவனம் ஓர் அளவுள்ள முதலென்பதும், ஒருபுறம் செலவிட்டது மறுபுறம் குறையுமென்பதும் இதனாற் புலனாகும்.

உணர்ச்சியின் செய்தி இன்னும் விந்தையானது. ஸ்பெயின் தேசத்தில் கிறிஸ்தீனா பொதெல்லா என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும், கரப்பான்பூச்சியிடம் கடும் அச்சங்கொண்ட அறுவர்க்கு இக்கருவியால் சிகிச்சை செய்து, 2010-இல் அதனை வெளியிட்டனர். நோயாளர் காண்பது தம் மெய்யான கை. அதன்மேல் ஊர்வனவோ கணிப்பொறி தீட்டிய பூச்சிகள். பொய்யென்று அறிந்தும் உடல் நடுங்குகிறது. அறிவு ஒன்று சொல்ல அச்சம் வேறொன்று செய்யும் இவ்வியல்பே அங்கு மருந்தாயிற்று. சிறிது சிறிதாக அப்பொய்ப்பூச்சிகளோடு பழகியபின், அவர்கள் உயிருள்ள கரப்பானையும் நெருங்க வல்லவராயினர்.