பந்தய வண்டியின் கார்புரேட்டரைச் சீர்செய்யும் முறை

தமிழ் பயில்வோனுக்கு மோட்டார் வண்டியின் உறுப்பாராய்ச்சி எதற்கு என வினவுவார் உளர். முறையாக ஆராயும் நெறி எத்துறைக்கும் ஒன்றே. அந்நெறியைக் கண்கூடாகக் காட்டும் கருவிகளுள் பந்தய வண்டியின் கார்புரேட்டரும் ஒன்று. ஆதலின் அதனைச் சீர்செய்யும் வகையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அமெரிக்க நாட்டு நாஸ்கார் பந்தயத்தின் முதல்நிலைத் தொடரில் 2011ஆம் ஆண்டில் ஓடிய வண்டிகளில், நான்கு வாய்களையுடைய ஹாலி கார்புரேட்டரே அமைந்திருந்தது. 2012 முதல் மின்னணு முறையில் எரிபொருளைப் பீச்சும் கருவி அதன் இடத்தைப் பெற்றது. எனினும் சிறு களங்களில் ஓடும் பந்தய வண்டிகள் பலவற்றில் இன்றும் கார்புரேட்டரைக் காணலாம்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இயந்திரத்திற்கு ஊட்டுவதே இதன் தொழில். ஓர் இராத்தல் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 இராத்தல் காற்று வேண்டும். மிக்க ஆற்றலை விழையும் பந்தய இயந்திரத்திற்கோ 12.5 முதல் 13 இராத்தல் காற்றே ஏற்றது. கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்தினூடே காற்று விரையுங்கால் ஆங்கு அழுத்தம் குறைகின்றது. பெர்னூலி என்னும் அறிஞர் 1738இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உண்மை இதற்கு அடிப்படையாகும். மிதவை அறையிலுள்ள பெட்ரோலை வெளிக்காற்று அழுத்தவே, அது ஜெட் எனப்படும் சிறு துளைவழிச் சென்று கழுத்தினுள் தெறிக்கின்றது.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். மிதவை அறையை நிரப்புவதே பம்பின் கடன். இயந்திரத்துள் பெட்ரோலைச் செலுத்துவது அன்று. அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று எண்ணுவோர் பிழைபட்டோராவர். அழுத்தம் மிகுந்தால் ஊசி வால்வு தன் இருக்கையில் நில்லாது விலகும். மட்டம் உயர்ந்து கலவை செறியும். வழிந்த பெட்ரோல் சூடேறிய இயந்திரத்தின்மேல் பட்டுத் தீப்பற்றவும் கூடும். குறைந்தாலோ, நெடிய நேர்வழியில் அறை வறண்டு, கலவை மெலிந்து, வெப்பம் மிக்குப் பிஸ்டன் உருகவும் கூடும்.

ஆகவே அழுத்தமே முதலிற் காணத்தக்கது. நாடி பாராது மருந்தளிக்கும் நல்ல மருத்துவன் உளனோ? கார்புரேட்டருக்கு அருகே அழுத்தமானியைப் பொருத்தி, இயந்திரத்தை மெல்ல ஓடவிடுக. ரெகுலேட்டரின் பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகாணியை வலமாகத் திருப்பின் அழுத்தம் ஏறும். இடமாகத் திருப்பின் இறங்கும். ஹாலிக்குச் சதுர அங்குலத்திற்கு 5 முதல் 7 இராத்தல் பொருந்தும். பின்னர்க் களத்தில் முழு விசையோடு ஓட்டி, நேர்வழியின் முடிவிலும் அவ்வழுத்தம் நிலைக்கின்றதா என நோக்குக. வீழ்ச்சி காணின், பம்பு போதாமையோ, வடிகட்டி அடைப்போ, குழாய் ஒடுக்கமோ காரணமாகலாம். அக்குறையை நீக்காது ஜெட்டை மாற்றுதல் வீண்முயற்சியாம்.

அழுத்தம் நிலைத்தபின் மிதவை மட்டத்தைச் சரிசெய்க. அதன்பின் மெல்லோட்டக் கலவைத் திருகாணிகளைத் திருத்துக. இறுதியிலேயே ஜெட்டைத் தொடுக. முழு விசையில் ஓட்டி, அக்கணமே இயந்திரத்தை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குவது பழைய வழக்கம். கரி படிந்திருப்பின் கலவை செறிவு, வெளுத்திருப்பின் மெலிவு. இக்காலத்தில் புகைக்குழாயில் ஆக்ஸிஜன் உணர்கருவி பொருத்தி, விகிதத்தை எண்ணாலேயே அறிகின்றனர். செறிவினின்று தொடங்கி மெலிவை நோக்கிச் சிறிது சிறிதாகச் செல்லுதலே பாதுகாப்பு. ஏனெனில் செறிவு வேகத்தைக் குறைக்கும். மெலிவோ இயந்திரத்தையே அழிக்கும். குளிர்ந்த காற்று அடர்ந்ததாகலின் பெரிய ஜெட் வேண்டும். மலைமேற் காற்று அடர்த்தி குறைந்ததாகலின் சிறியது போதும்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து, அதன் பயனைக் குறிப்பேட்டில் எழுதுக. இரு மாற்றங்களை ஒருங்கே செய்தவன் வென்றாலும், எதனால் வென்றான் என்பதை அறியான்.

நண்பர்காள்! மூலபாடத்தைத் துணியாது உரை வரையப் புகுவானும், அழுத்தத்தை அளவாது ஜெட்டை மாற்றுவானும் ஒரு தன்மையரே. அடிப்படையை முதலில் உறுதிசெய்தல் இருவர்க்கும் கடமையாகும். புலவன் தவறினால் பொருள் கெடும். பந்தயக் களத்தில் தவறினால் ஓட்டுவோன் உயிருக்கே ஊறு நேரும்.