வெள்ளம் வரும் ஊரில் ஒரு சிறுமி



நம் பொம்மிடிப் பக்கத்தில் மழை என்றால் மகிழ்ச்சி. சேர்வராயன் மலைமேல் மேகம் கறுத்தால், இந்த ஆண்டாவது கிணறு ஊறுமா என்று பெரியவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அதே மேகத்தைக் கண்டு அஞ்சும் ஊர்களும் நம் நாட்டில் உண்டு. அப்படிப்பட்ட ஊர் ஒன்றில் வளரும் பத்து வயதுச் சிறுமியின் கதைதான் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' என்னும் அஸ்ஸாமியப் படம். 2017-இல் டொராண்டோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

படத்தை எடுத்தவர் ரீமா தாஸ் என்னும் பெண்மணி. கவுகாத்திக்கு மேற்கேயுள்ள சாய்காவ் அவருக்குச் சொந்த ஊர். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. நடிகர்களை வெளியிலிருந்து அழைத்து வரவில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளையே நடிக்க வைத்தார்.

துனு என்ற அச்சிறுமிக்குத் தந்தை இல்லை, வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தாயும் அண்ணனும் ஓர் ஆட்டுக்குட்டியும்தான் அவள் உலகம். ஊர்த் திருவிழாவில் பையன்கள் தெர்மோகோலில் செய்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு பாடகர்கள்போல் ஆடுவதைக் காண்கிறாள். தானும் ஒரு தெர்மோகோல் கிட்டார் செய்துகொள்கிறாள். பிறகு உண்மைக் கிட்டாரே வேண்டுமென்ற ஆசை பிறக்கிறது. காசு சேர்க்கத் தொடங்குகிறாள். அதற்குள் வெள்ளம் வந்து பயிரை அழித்துவிடுகிறது.

ஆண்டுதோறும் ஏன் இந்த வெள்ளம்? பூகோளப் பாடத்தில் பிரம்மபுத்திராவைப் படித்திருப்பீர்கள். இமயத்தில் உருகும் பனிநீரும் தென்மேற்குப் பருவமழையும் ஒரே காலத்தில் அதில் வந்து சேருகின்றன. ஆறு ஏராளமான வண்டலையும் சுமந்து வருகிறது. 1950 ஆகஸ்டு 15 அன்று, நாடு சுதந்திர தினம் கொண்டாடிய அதே நாளில், அஸ்ஸாமில் 8.6 அளவுள்ள பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. மலைகள் சரிந்து மண் ஆற்றில் இறங்கியது. ஆற்றுப் படுகை மேடாயிற்று. மேடான படுகையில் பழைய அளவு நீர் அடங்குமா? கரை மீறத்தான் செய்யும். வண்டல் வயலுக்கு உரம். அதே வண்டல்தான் ஊருக்கு ஆபத்தும்.

துனுவின் தாய் மகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கும் காட்சியை நான் மறக்கவில்லை. கணவனைக் கொண்டுபோன அதே நீரில் மகளை இறக்கிவிடுகிறாள்! ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் அழிக்கும்போது ஏன் பயிரிட வேண்டும் என்று மகள் கேட்க, உழைப்பதுதான் நம் தருமம் என்ற பொருளில் தாய் விடை கூறுகிறாள். வேறு விளக்கம் தரவில்லை.

படத்தின் பின்பகுதியில் துனு பருவமடைகிறாள். நம் ஊர் மஞ்சள் நீராட்டைப் போன்றே அங்கும் சடங்கு உண்டு. புதுச் சேலை, பெண்கள் கூட்டம், பாட்டு. ஆனால் அதற்குப் பிறகு? பையன்களோடு ஓடுகிறாள், மரம் ஏறுகிறாள் என்று ஊர்ப் பெண்கள் குறை கூறுகின்றனர். தாய் மகளை விட்டுக்கொடுக்கவில்லை. பெற்றோர்கள் இந்த இடத்தை உற்றுக் கவனிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சடங்கு முடிந்த வாரமே புத்தகப் பையைப் பரணில் ஏற்றிவிடும் வீடுகள் நம் பக்கத்தில் அறவே இல்லையென்று யாரால் சொல்ல முடியும்? கடைசியில் கிட்டாரை வாங்கித் தருபவளும் அந்தத் தாய்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சண்டைக் காட்சியும் விறுவிறுப்பும் எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் அரைமணி நேரம் சற்றுப் பொறுமை தேவை. படமே 87 நிமிடந்தான்!

2018-இல் அறிவிக்கப்பட்ட 65-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. அஸ்ஸாமியப் படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது பல ஆண்டுகளுக்குப் பிறகு. துனுவாக நடித்த பனிதா தாஸ் சிறந்த குழந்தை நட்சத்திரமானார். 2024-இல் ரீமா தாஸ் இரண்டாம் பாகத்தையும் எடுத்து முடித்தார். அதில் துனு வளர்ந்த பெண். நடித்திருப்பவர் அதே பனிதா.