மாட்டு ஈயை இனங்காணல்

கால்நடைகளின் குருதியை உறிஞ்சும் மாட்டு ஈக்கள் டபானிடே குடும்பத்தைச் சார்ந்தவை. சென்ற மழைக்காலத்தில், ஏரிக்கரையில் மேய்ந்த எருமையின் வயிற்றில் ஓர் ஈயைப் பிடித்தேன். நான் முன்பு கண்டிராதது. கூட்டுக்கண்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது, ஆகவே பெண். (ஆணுக்குக் கண்கள் ஒட்டியிருக்கும். அது கடிப்பதில்லை, பூந்தேனே அதன் உணவு.)

எப்பேரினம்? இறக்கையில் கரும்பட்டை இருப்பின் கிரைசாப்ஸ் எனலாம்; புள்ளிகள் விரவி, கூரைபோல் மடிந்திருப்பின் ஹீமடோபோட்டா. இதன் இறக்கையோ தெளிவானது. பின்னங்கால் கணைக்காலின் நுனியில் முள்ளில்லை, கண்ணில் மயிரில்லை, உணர்கொம்பின் மூன்றாம் கணுவில் பல் போன்ற புடைப்பு உண்டு. எனவே, லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட டபானஸ் பேரினமே.

சிற்றினம் காண்பதில்தான் தொல்லை. உயிருள்ளபோது பச்சைக் கண்ணில் ஊதாப் பட்டை ஒன்று மின்னிற்று. இறந்து உலர்ந்ததும் கண் கருத்துப் பட்டை மறைந்தது. பட்டைகளின் எண்ணிக்கையோ சிற்றினத்தைப் பிரிக்கும் அடையாளங்களுள் ஒன்று! கொல்புட்டியில் இடுமுன்பே அதை வரைந்து வைத்தது நல்லதாயிற்று. உலர்ந்த கண்ணை ஈரப்படுத்தினாலும் பட்டை ஓரளவு மீளும்.

இது வெறும் பெயராசை அன்று. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டகங்களின் குருதியில் கிரிஃபித் எவன்ஸ் கண்ட சர்ரா நோய்க் கிருமியைப் பரப்புபவை இவ்வீக்களே. எச்சிற்றினம் எம்மாதத்தில் பறக்கிறதென்று தெரிந்தால்தான், மாட்டை எப்போது கொட்டிலில் கட்டுவதென்று உழவருக்குச் சொல்ல இயலும். ஒரே ஓர் ஈயைக்கொண்டு துணிவது முறையன்று. சீட்டில் 'டபானஸ், பெண், ஒரு பட்டை' என்று மட்டுமே எழுதியுள்ளேன்.